விபத்து நடந்தா கூட்டம் ஏன் வேடிக்கை பார்க்குது? உளவியல் சொல்றது ஒண்ணு, சமூகவியல் சொல்றது இன்னொண்ணு!

நெடுஞ்சாலையில் ஒரு பைக் சறுக்கி விழுந்து கிடக்கிறது. ஓட்டி வந்தவர் தலையில் அடிபட்டு ரோட்டோரமாகக் கிடக்கிறார். ஐந்தே நிமிடத்தில் முப்பது பேர் கூடிவிடுகிறார்கள். நாலு பேர் கையில் செல்போன், வீடியோ ஓடுகிறது. "யாராவது 108-க்கு போன் பண்ணுங்களேன்" என்கிறது ஒரு குரல். "தொடாதீங்க, போலீஸ் கேஸ் ஆயிடும்" என்கிறது இன்னொரு குரல்.

இப்படி ஒரு காட்சியைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அந்த வீடியோ சோஷியல் மீடியாவுக்கு வந்ததும் கீழே வரும் கமெண்ட்டும் நமக்குத் தெரியும்: "மனிதாபிமானமே செத்துப் போச்சு."

உண்மையிலேயே செத்துப் போச்சா? அந்தக் கூட்டத்தில் கேட்ட இரண்டு குரல்களையும் கொஞ்சம் கவனிங்க. "யாராவது பண்ணுங்களேன்" என்ற முதல் குரலில் ஒரு மனசு எப்படி வேலை செய்கிறது என்பது இருக்கிறது. "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்ற இரண்டாவது குரலில் ஒரு சமூகம் எப்படி வேலை செய்கிறது என்பது இருக்கிறது. முதலாவதை ஆராய்வது உளவியல். இரண்டாவதை ஆராய்வது சமூகவியல். இரண்டும் ஒரே ரோட்டில், ஒரே கூட்டத்தில் சந்திக்கும் இடத்துக்குப் பெயர்தான் சமூக உளவியல்.

கல்லூரியில் பி.ஏ. சமூகவியல், பி.எஸ்சி. உளவியல் இரண்டில் எது படிப்பது என்று குழம்பும் மாணவர்களிடம் "ஒண்ணு மனுஷனைப் பத்தி, இன்னொண்ணு சமுதாயத்தைப் பத்தி" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவோம். தப்பில்லை. ஆனால் விபத்தில் அடிபட்டுக் கிடப்பவருக்கு அந்த ஒரு வரி போதாது. ஏன் என்று பார்க்கலாம்.

ஒரே வருஷம், ஒரே தலைப்பு, ரெண்டு புத்தகம்

1908-ம் ஆண்டில் ஒரு வேடிக்கையான விஷயம் நடந்தது. சமூக உளவியல் என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கி ஆங்கிலத்தில் இரண்டு புத்தகங்கள் வெளியாயின. ஒன்றை எழுதியவர் பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் வில்லியம் மெக்டூகல். இன்னொன்றை எழுதியவர் அமெரிக்க சமூகவியலாளர் எட்வர்ட் ஆல்ஸ்வொர்த் ராஸ்.

ரெண்டு பேரும் பேசியது ஒரே விஷயத்தை அல்ல. மனிதனுக்குள் பிறவியிலேயே இருக்கும் உந்துதல்கள்தான் சமூக நடத்தைக்கு அடிப்படை என்றார் மெக்டூகல். ராஸோ, கும்பல், ஃபேஷன், வழக்கம் என மனிதனுக்கு வெளியே இருந்து வந்து அவனைப் பிடித்துக்கொள்பவை பற்றி எழுதினார். ஒருவர் உள்ளே பார்த்தார், இன்னொருவர் வெளியே பார்த்தார். அந்தத் துறை பிறக்கும்போதே ரெட்டைப் பிள்ளையாகப் பிறந்தது என்று சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த ரெட்டையரை ஒரே வீட்டில் வைத்து வளர்க்கப் பெரிய முயற்சிகள் நடந்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1946-ல் சமூகவியல், சமூக உளவியல், மானிடவியல் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரு தனித் துறையே தொடங்கினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தியோடர் நியூகோம்ப் தலைமையில் உளவியலும் சமூகவியலும் சேர்ந்து நடத்திய முனைவர் பட்டப் படிப்பு இருந்தது. மிச்சிகன் முயற்சி 1960-களின் கடைசியில் முடிந்துபோனது. ஹார்வர்டு துறையும் 1970-களின் தொடக்கத்தில் பிரிந்தது. கூட்டுக் குடும்பம் தனிக்குடித்தனமான கதைதான். இன்றும் பல பல்கலைக்கழகங்களில் சமூக உளவியலை இரண்டு துறைகளும் தனித்தனியாக, வெவ்வேறு பாடப் புத்தகங்களோடு நடத்துகின்றன.

பிரிந்ததால் என்ன நஷ்டம்? அதற்கு நியூயார்க்கில் நடந்த ஒரு கொலையைப் பார்க்க வேண்டும்.

38 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களா?

1964 மார்ச் 13, அதிகாலை 3 மணியைத் தாண்டிய நேரம். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், வேலை முடிந்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி வெளியிட்டது. அக்கம்பக்கத்தில் 38 பேர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தாக்குதல் நடந்த நேரத்தில் ஒருவர்கூட போலீசைக் கூப்பிடவில்லை என்றது அந்தச் செய்தி. அமெரிக்காவே அதிர்ந்துபோனது. "நகரவாசிகளுக்கு நெஞ்சில் ஈரமில்லை" என்று தலையங்கங்கள் வந்தன. நம்ம ஊர் கமெண்ட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அந்தப் பதிலை இரண்டு இளம் உளவியலாளர்கள் ஏற்கவில்லை. ஜான் டார்லி, பிப் லட்டானே. அவர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். இத்தனை பேர் இருந்தும் ஏன் உதவவில்லை என்பதற்குப் பதிலாக, இத்தனை பேர் இருந்ததால்தான் யாரும் உதவவில்லையோ என்று கேட்டார்கள்.

சோதனை செய்து பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து, மைக் வழியாக ஒருவரோடு ஒருவர் பேசச் சொன்னார்கள். பேச்சின் நடுவே ஒருவருக்கு வலிப்பு வருவதுபோலக் குரல் கேட்கும். அது முன்கூட்டியே பதிவு செய்த குரல், ஆனால் கேட்பவருக்குத் தெரியாது. தன்னைத் தவிர வேறு யாரும் இதைக் கேட்கவில்லை என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், குரல் அடங்குவதற்குள் வெளியே ஓடிவந்து உதவி கேட்டார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அப்படி வந்தவர்கள் 31 சதவீதம்தான்.

எழுந்து வராதவர்கள் கல் நெஞ்சக்காரர்களா? அதுதான் இல்லை. ஆய்வாளர் அறைக்குள் போனபோது பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. "அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்கள். உதவ வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்திருக்கவில்லை. எந்த முடிவுக்குமே வர முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு சோதனையில், ஒருவர் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் அறைக்குள் சுவர் வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். பக்கத்தில் இரண்டு பேர் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டே இருக்கும்படி ஏற்பாடு செய்தபோது, எழுந்தது 10 சதவீதம். கண் எரிகிறது, இருமல் வருகிறது, ஆனாலும் "அவங்களே சும்மா இருக்காங்க, ஒண்ணும் இருக்காது" என்று உட்கார்ந்தே இருந்தார்கள்.

இதிலிருந்து வந்ததுதான் 'பைஸ்டாண்டர் எஃபெக்ட்'. தமிழில் வேடிக்கை பார்ப்போர் விளைவு என்று சொல்லலாம். இதற்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, பொறுப்பு பங்கு பிரிந்துபோகிறது. நான் ஒருத்தன் மட்டும் இருந்தால் முழுப் பொறுப்பும் என்னுடையது, முப்பது பேர் இருந்தால் முப்பதில் ஒரு பங்குதான். இரண்டு, இது அவசரமா இல்லையா என்று முடிவு செய்ய நாம் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறோம். அவர் நம் முகத்தைப் பார்க்கிறார். ரெண்டு முகமும் சும்மா இருக்கிறது. உடனே ரெண்டு பேருக்கும் நிம்மதி.

உளவியலின் பதில் இது. அழகான பதில். உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் ஏறியது. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருந்தது.

அறைக்குள் வராத விஷயங்கள்

முதலில் அந்த 38 என்ற எண்ணே சரியில்லை. மான்னிங், லெவின், காலின்ஸ் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நீதிமன்ற ஆவணங்களைத் தோண்டி எடுத்து 2007-ல் கட்டுரை எழுதினார்கள். 38 பேர் நின்று பார்த்தார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை. பெரும்பாலோர் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டார்கள். ஒருவர் ஜன்னலிலிருந்து கத்தியதும் கொலையாளி ஒருமுறை விலகிப் போனான். இரண்டாவது தாக்குதல் கட்டடத்தின் பின்பக்கப் படிக்கட்டுப் பகுதியில், அநேகமாக யாருக்கும் தெரியாத இடத்தில் நடந்தது. கடைசியில் ஒரு பக்கத்து வீட்டுப் பெண் இறங்கி ஓடி, ஆம்புலன்ஸ் வரும்வரை கிட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார். தங்கள் பழைய செய்தி சாட்சிகளின் எண்ணிக்கையை மிகைப்படுத்திவிட்டது என்று நியூயார்க் டைம்ஸே 2016-ல் எழுதியது. செய்தி எழுதும் எங்களைப் போன்றவர்கள் சுவரில் ஒட்டிவைக்க வேண்டிய திருத்தம் அது.

இன்னொன்று, 1964-ல் அமெரிக்காவில் 911 என்ற அவசர எண்ணே கிடையாது. அது வந்தது 1968-ல்தான். போலீசைக் கூப்பிட வேண்டும் என்றால் ஆபரேட்டர் மூலமோ, ஸ்டேஷன் நம்பரைத் தேடியோ கூப்பிட வேண்டும். அதாவது "ஏன் யாரும் போன் பண்ணல?" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் மூளைக்குள் இல்லை. போனைச் சுற்றி இருந்த ஏற்பாட்டில் இருந்தது.

மூன்றாவது விஷயம் இன்னும் கனமானது. தாக்கப்பட்டது ஒரு பெண், தாக்கியது ஒரு ஆண். சோதனை அறையில் வலிப்பாகவும் புகையாகவும் மாற்றியபோது இந்த விவரம் காணாமல் போனது. கனடாவைச் சேர்ந்த சமூக உளவியலாளர் பிரான்சிஸ் செர்ரி பின்னாளில் இதைத்தான் சுட்டிக்காட்டினார். அந்தக் காலத்தில் ஒரு ஆண் ஒரு பெண்ணை அடித்தால் அது அவர்கள் சொந்த விஷயம் என்று ஊர் நினைத்தது. கூட்டத்தின் எண்ணிக்கையை மட்டும் எண்ணினால் அது தெரியவே தெரியாது.

1976-ல் லான்ஸ் ஷாட்லண்ட், மார்கரெட் ஸ்ட்ரா இருவரும் நடத்திய சோதனை இதை வெட்ட வெளிச்சமாக்கியது. ஒரு ஆண் ஒரு பெண்ணைத் தாக்குவதுபோல நடிக்க வைத்தார்கள். ஒருமுறை அந்தப் பெண் "உன்னை எனக்குத் தெரியவே தெரியாது" என்று கத்தினார். பார்த்தவர்களில் 65 சதவீதம் பேர் தலையிட்டார்கள். இன்னொருமுறை "உன்னை ஏன்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேனோ" என்று கத்தினார். தலையிட்டவர்கள் 19 சதவீதம்.

அதே அடி, அதே அலறல். மாறியது ஒரே ஒரு வாக்கியம். "புருஷன் பொண்டாட்டி சண்டை, நாம ஏன் தலையிடணும்?" என்று நம்ம ஊரில் சொல்வதை அமெரிக்காவிலும் சொல்லியிருக்கிறார்கள். இந்த எண்ணம் யார் மூளையிலும் தானாக முளைத்தது கிடையாது. கல்யாணம் என்ற அமைப்பு, அதில் யாருக்கு யார் மேல் உரிமை என்ற நம்பிக்கை, காலங்காலமாக மனசுக்குள் போட்டு வைத்தது. சமூகவியல் பேச ஆரம்பிக்கும் இடம் இது.

இப்போ நம்ம ரோட்டுக்கு வருவோம்

இந்தியாவில் 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இப்படி இறப்பவர்களில் பாதிப் பேரையாவது காப்பாற்றலாம் என்று இந்திய சட்ட ஆணையம் தன் 201-வது அறிக்கையிலேயே சொல்லியிருந்தது. ஆக, ரோட்டில் கூடும் அந்த முப்பது பேர் என்ன செய்கிறார்கள் என்பது வெறும் பாடப் புத்தகக் கேள்வி இல்லை.

அந்த முப்பது பேரும் ஏன் தயங்குகிறார்கள்? சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2013-ல் பல நகரங்களில் கருத்துக்கணிப்பு எடுத்தது. நான்கில் மூன்று பேர், அடிபட்டவருக்கு உதவத் தயங்குவோம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் 88 சதவீதம் பேர் காட்டிய காரணம், சட்டச் சிக்கல் பயம். போலீஸ் திரும்பத் திரும்பக் கூப்பிடும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்பது.

டார்லி, லட்டானே சோதனையில் இந்தக் காரணத்துக்கு இடமே இல்லை. அங்கே உதவப் போன மாணவரை யாரும் "நீ யாரு? நீதான் இடிச்சியா?" என்று கேட்கப் போவதில்லை. நம்ம ரோட்டில் கேட்பார்கள். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோக்காரர் அன்றைய வருமானத்தை இழந்து சாயங்காலம் வரை காத்திருந்த கதை பல ஊர்களில் இருக்கிறது. தனக்கே நடக்க வேண்டியதில்லை, கேள்விப்பட்டாலே போதும். அவர் தயங்கினால் அதை மனசின் குறை என்று எப்படிச் சொல்வது? அவர் போட்ட கணக்கு சரியான கணக்குதான். கணக்கை அப்படி ஆக்கி வைத்தது அமைப்பு.

சமூகவியலின் தந்தைகளில் ஒருவரான பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் இப்படிப்பட்டவற்றை 'சமூக உண்மைகள்' என்றார். சட்டம், வழக்கம், நடைமுறை என நாம் பிறப்பதற்கு முன்பே இருந்து, வெளியே நின்று நம்மை இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போகாதே என்று நெருக்குபவை. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மீறிப் பார்த்தால் இடிக்கும்.

அந்த அமைப்பை மாற்றுவதும் நடந்தது, மெதுவாக. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலில் சிகிச்சை, பிறகுதான் போலீஸ் நடைமுறை என்று பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. உதவ வருபவருக்கான பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2015-ல் வெளியிட்டது. சேவ்லைஃப் தொடுத்த வழக்கில் 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, ஒரு உச்சவரம்புக்குள், அரசே ஏற்கிறது. கொண்டுவந்து சேர்ப்பவருக்கு 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு. பொன்னான நேரத்துக்குள் ஒருவரைக் காப்பாற்றினால் 25,000 ரூபாய் என்று மத்திய அரசும் 2025-ல் தன் பரிசுத் தொகையை உயர்த்தியது. பணத்துக்காக யாரும் ஓடிவரப் போவதில்லை என்பது என் எண்ணம். ஆனால் நேற்றுவரை சந்தேகமாகப் பார்த்த அரசு, இன்று நன்றி சொல்கிறது என்ற சேதி அந்தத் தொகைக்குள் இருக்கிறது.

சட்டம் மாறிடுச்சு. மனசு?

சமூகவியல் சொன்ன தடையை எடுத்தாகிவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நினைப்போம்? அதே சேவ்லைஃப் அமைப்பு 2018-ல் மறுபடி கருத்துக்கணிப்பு எடுத்தது. கேட்கப்பட்டவர்களில் 84 சதவீதம் பேருக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதே தெரியவில்லை.

மாற்றம் அரசிதழில் இருக்கிறது. ரோட்டில் நிற்பவர் தலைக்குள் இன்னும் பழைய விதிதான் ஓடுகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர்கள் வில்லியம் தாமஸ், டோரத்தி ஸ்வெய்ன் தாமஸ் இருவரும் 1928-ல் சொன்ன கருத்து இங்கே அப்படியே பொருந்தும். ஒரு சூழ்நிலையை ஆபத்தானது என்று மனிதர்கள் நம்பிவிட்டால், அது உண்மையோ இல்லையோ, அதனால் வரும் விளைவு உண்மையாகவே இருக்கும் என்பது அதன் சாரம். போலீஸ் பிடிக்காது, சரி. பிடிக்கும் என்று நம்பி ஒருவர் விலகிப் போனால், ரோட்டில் ரத்தம் போவது நிற்கப் போவதில்லை.

சமூகவியல் பக்கமிருந்து வந்த இந்தக் கருத்து, கடைசியில் மனசுக்குள்தான் போய் நிற்கிறது, கவனிச்சீங்களா? ரெண்டு துறைக்கும் நடுவே கோடு போடுவது அதனால்தான் கஷ்டம். வெளியே இருக்கும் விதி உள்ளே போய் பயமாகிறது. உள்ளே இருக்கும் பயம் "தொடாதீங்க" என்ற சத்தமாக வெளியே வந்து, பக்கத்தில் நிற்கும் இருபது வயதுப் பையனுக்கு விதியாகிறது.

விழுந்தவர் போட்டிருந்த சட்டை

இந்த நடுக்கோட்டில் நின்று நடத்தப்பட்ட ஒரு சோதனை எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடித்தது. பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவின் குழுவினர் செய்தது, வெளியானது 2005-ல். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகர்களான மாணவர்களை அழைத்து, அந்த அணியின் மேல் உங்களுக்கு எவ்வளவு பிரியம் என்று எழுத வைத்தார்கள். பிறகு அடுத்த கட்டடத்துக்கு நடந்து போகச் சொன்னார்கள். வழியில் ஜாகிங் வரும் ஒருவர் வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்துவார். அவர் நடிகர்.

விழுந்தவர் மான்செஸ்டர் யுனைடெட் சட்டை போட்டிருந்தபோது 13 பேரில் 12 பேர் உதவினார்கள். பரம எதிரியான லிவர்பூல் சட்டை போட்டிருந்தபோது 10 பேரில் 3 பேர். விஜய் ரசிகர், அஜித் ரசிகர் என்று நினைத்துப் பாருங்க, புரியும்.

சுவாரஸ்யம் அடுத்த சுற்றில்தான். இந்த முறை அணியைப் பற்றிக் கேட்கவில்லை. கால்பந்து ரசிகராக இருப்பதில் என்ன சந்தோஷம் என்று எழுத வைத்தார்கள். அவ்வளவுதான் மாற்றம். லிவர்பூல் சட்டைக்காரருக்கு இப்போது 10 பேரில் 7 பேர் உதவினார்கள். நேற்றுவரை எதிரி, இன்று சக ரசிகர். ஆனால் எந்த அணிச் சட்டையும் போடாதவருக்கு 9 பேரில் 2 பேர்தான் உதவினார்கள். வட்டம் பெரிதானது, ஆனாலும் வட்டத்துக்கு வெளியே ஒருவர் மிச்சமிருந்தார்.

நம்மாளு, வேற ஆளு என்று பிரிக்கும் பழக்கம் ஒவ்வொரு மூளையிலும் இருக்கிறது. அது உளவியல். ஆனால் யார் நம்மாளு என்ற பட்டியலை அந்த மூளை தானாக எழுதுவதில்லை. இங்கிலாந்தில் கால்பந்து எழுதுகிறது. நம்ம ஊரில் சாதியும் மதமும் ஊரும் மொழியும் எழுதுகின்றன. விழுந்து கிடப்பவரின் உடை, நிறம், வண்டி, பேச்சு எல்லாவற்றையும் ஒரு நொடியில் படித்துவிட்டுத்தான் நம் கால் முன்னே போகிறது அல்லது பின்னே போகிறது. குடித்திருப்பாரோ என்ற சந்தேகமும் அதில் சேரும். நியூயார்க் சுரங்க ரயிலில் 1960-களின் இறுதியில் இர்விங் பிலியாவின் குழுவினர் நடத்திய சோதனையில், கைத்தடியோடு வந்து விழுந்தவருக்கு ஏறக்குறைய எல்லா முறையும் உதவி கிடைத்தது. சாராய நெடியோடு விழுந்தவருக்குப் பாதி முறைதான்.

அந்த ரயில் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. பெட்டியில் ஆள் கூடுதலாக இருந்ததால் உதவி குறைந்துவிடவில்லை. தனித்தனி அறையில் குரல் மட்டும் கேட்பதும், கண்ணெதிரே ஒருவர் விழுவதை எல்லோரும் சேர்ந்து பார்ப்பதும் ஒன்றல்ல.

அப்போ மனிதாபிமானம் செத்துப் போகலையா?

2019-ல் வெளியான ஒரு ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொன்னது. ரிச்சர்ட் ஃபில்பாட் குழுவினர் சோதனை எதையும் நடத்தவில்லை. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் சிசிடிவி கேமராக்களில் பதிவான 219 நிஜத் தெருச் சண்டைகளை உட்கார்ந்து பார்த்தார்கள். பத்தில் ஒன்பது சம்பவங்களில் குறைந்தது ஒருவராவது குறுக்கே போய்த் தடுத்திருந்தார். கூட்டம் அதிகமாக இருந்தால் யாராவது ஒருவர் உதவும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது.

அப்படியானால் டார்லி, லட்டானே பொய்யா? இல்லை. கேள்வியே வேறு. கூட்டத்தில் நிற்கும் 'நான்' உதவுவேனா என்று கேட்டால், ஆள் கூடக் கூட வாய்ப்பு குறையலாம். விழுந்து கிடப்பவர் பக்கமிருந்து, 'யாராவது' எனக்கு உதவுவார்களா என்று கேட்டால், ஆள் கூடக் கூட வாய்ப்பு கூடலாம். முதல் கேள்வி தனிமனிதனை எண்ணுகிறது, இரண்டாவது கூட்டத்தை எண்ணுகிறது. ஒரே தெரு, ஒரே வீடியோ, எதை எண்ணுகிறோம் என்பதில்தான் பதில் மாறுகிறது. இரண்டு துறைகளுக்கு நடுவே நூறு வருஷமாக நடக்கும் வாக்குவாதத்தில் பாதி இதுதான்.

ரோட்டில் நீங்க நிக்கும்போது

முதல் குரல் நினைவிருக்கிறதா? "யாராவது 108-க்கு போன் பண்ணுங்களேன்." இதற்கு உளவியல் சொல்லும் வைத்தியம் ரொம்ப எளிது. 'யாராவது' என்று சொல்லாதீங்க. ஒரு ஆளைக் கையைக் காட்டிச் சொல்லுங்க: "நீலச் சட்டை அண்ணா, நீங்க 108-க்கு போடுங்க. அக்கா, நீங்க வண்டியெல்லாம் ஒதுங்கிப் போகச் சொல்லுங்க." முப்பது பங்காகச் சிதறிக் கிடந்த பொறுப்பு அந்த நொடியில் இரண்டு பேர் தோளில் வந்து உட்காரும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதையும் யாராவது அங்கே சத்தமாகச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது குரல், "போலீஸ் கேஸ் ஆயிடும்." இதற்குப் பதில் 134ஏ. நல்ல எண்ணத்தோடு உதவியவர் மீது, அவர் கவனக்குறைவால் அடிபட்டவருக்கு ஏதாவது ஆகிவிட்டாலும்கூட, சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. பெயர், முகவரி கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு உடனே கிளம்பலாம், அட்மிஷன் பணம் கட்டு என்று உங்களைக் கேட்கக் கூடாது. விபத்தை நேரில் பார்த்தவராக இருந்து, சாட்சி சொல்ல நீங்களே முன்வந்தால் மட்டும்தான் விசாரணை, அதுவும் ஒரே ஒரு முறை.

அந்தக் கூட்டத்தில் இதைத் தெரிந்து வைத்திருக்கும் ஒருவர் சத்தமாகச் சொன்னால், "தொடாதீங்க" என்றவரே ஒரு கை பிடிக்க வருவதற்கு வாய்ப்பு உண்டு.